சத்தம் போடும் பாய்லர்: நாமே பார்ப்பதா, ஆளைக் கூப்பிடுவதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் எரிவாயுவில் இயங்கும் பாய்லர் ஒன்று, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குளியலறைக் குழாய்களுக்கும் வெந்நீர் தருகிறது. சில வாரங்களாக அது சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. சூடேறும்போது கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது போன்ற இரைச்சல் கேட்கிறது. ரேடியேட்டர்களிலிருந்து அவ்வப்போது தண்ணீர் கொப்பளிக்கும் ஓசையும் வருகிறது. என் கணவர் இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மூடியைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்துவிடலாம் என்கிறார். முறையான தொழில்நுட்பரை அழைப்பதுதான் சரி என்பது என் கருத்து. எங்களில் யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு சத்தங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் உங்களுக்குள் இந்த வாக்குவாதம் வந்திருக்கிறது. ரேடியேட்டர்களில் கேட்கும் கொப்பளிப்பு பெரும்பாலும் உள்ளே காற்று அடைபட்டிருப்பதன் அடையாளம். அதை உங்கள் கணவரே அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். அதற்காக ஒருவரை வரவழைத்துக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பாய்லருக்குள்ளிருந்தே வரும் இரைச்சலின் கதை வேறு. அதன் காரணத்தைக் கண்டறிவதில் கணிசமான பகுதியை நீங்கள் வெளியிலிருந்தபடியே செய்யலாம் என்றாலும், காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் உரிமம் பெற்ற தொழில்நுட்பருக்கு உரியது.

நாமே செய்வதற்கும் ஆளை அழைப்பதற்கும் இடையிலான எல்லையைப் பலரும் கைத்திறனை வைத்தோ செலவை வைத்தோ முடிவு செய்கிறார்கள். என் பார்வையில் அந்த எல்லை பாய்லரின் உலோக மூடிதான். மூடிக்கு வெளியே இருப்பது தண்ணீர். அங்கே தவறு நேர்ந்தால் தரை நனையும், வீடு ஓரிரு நாள் குளிரும். மூடிக்கு உள்ளே எரிவாயு, நெருப்பு, புகை, மின்சாரம் ஆகிய நான்கும் இருக்கின்றன; அங்கே நேரும் தவறு உடனே கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். தற்காலத்துப் பாய்லர்கள் பலவும் எரிப்புக்குத் தேவையான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடும் அடைப்பு அமைப்பைக் கொண்டவை. பல மாதிரிகளில் அந்த மூடியும் அதன் ஓரத்து ரப்பர் பட்டையுமே அடைப்பின் ஒரு பகுதியாக இருக்கின்றன. அதைக் கழற்றி மறுபடி மாட்டினால் பார்வைக்கு எல்லாம் பழையபடியே இருக்கும். ஆனால் அடைப்பு சரியாக அமைந்ததா, எரிப்பு முழுமையாக நடக்கிறதா என்பதைப் புகையை அளக்கும் பகுப்பாய்வுக் கருவி இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. முழுமையாக எரியாத எரிவாயு கார்பன் மோனாக்சைடைத் தரும். நிறமும் மணமும் அற்ற அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணையக் கூடியது. எரிவாயு தொடர்பான வேலைகளை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்று பல நாடுகள் சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால், பாய்லரின் சத்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதை வாங்கிப் பொருத்துங்கள்.

காணொளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைச் செய்தவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர் திறந்து காட்டும் பாய்லர் உங்களுடையது அல்ல. பாய்லரோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். பயன்படுத்துவோருக்கான பகுதியும் பொருத்துவோருக்கான பகுதியும் அதில் தனித்தனியாக இருக்கும். முதல் பகுதியில் சொல்லப்பட்டுள்ள அனைத்தையும் தயங்காமல் செய்யலாம். இரண்டாம் பகுதியை ஆர்வத்துக்காகப் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி சத்தத்துக்கு வருவோம். எப்படிக் கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும். பர்னர் பற்றிக்கொள்ளும் கணத்தில் மட்டும் வருகிறதா, எரிந்துகொண்டிருக்கும்போது படிப்படியாகக் கூடுகிறதா, அணைந்த பிறகும் சில நிமிடங்கள் நீடிக்கிறதா, குளியலறைக் குழாயைத் திறந்தால் மட்டும் வருகிறதா, அறைகள் சூடாகும்போது மட்டும் வருகிறதா என்று ஓரிரு நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்து வையுங்கள். தொழில்நுட்பர் வந்து நிற்கும்போது பாய்லர் அமைதியாக இருந்துவிடுவது வழக்கமான தொல்லை என்பதால், அந்தப் பதிவு மிகவும் உதவும்.

சூடேறும்போது எழுந்து, எரியும் நேரம் முழுவதும் கூடிக்கொண்டே போகும் கொதி இரைச்சல், வெப்பப் பரிமாற்றியின் உட்சுவரில் ஏதோ ஓரிடத்தில் தண்ணீர் உண்மையாகவே கொதிக்கிறது என்பதைக் காட்டுகிறது. நெருப்பின் வெப்பத்தை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும் அந்த உலோகப் பகுதியின் மேல் சுண்ணாம்புப் படிவோ துருச் சேறோ படிந்தால், அதற்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் ஓட வழியின்றி மிகையாகச் சூடேறி நீராவிக் குமிழியாகிறது. தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அப்படி விரிந்த குமிழி பக்கத்தில் ஓடும் குளிர்ந்த நீரைத் தொட்டதும் சட்டென்று நொறுங்குகிறது. இலட்சக்கணக்கான குமிழிகள் இவ்வாறு தோன்றி நொறுங்கும் ஓசையே உங்கள் காதில் விழும் இரைச்சல். இதே சத்தம் படிவே இல்லாத பாய்லரிலும், போதிய வேகத்தில் தண்ணீர் ஓடாவிட்டால் எழும். ஆகையால் உள்ளே இருக்கும் பரிமாற்றியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வெளியே இருக்கும் ஓட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பகுதி முழுவதும் உங்கள் கணவருக்கு உரியது.

முதலில் அழுத்தமானியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய சுற்று அமைப்புள்ள பாய்லர்களில், தண்ணீர் ஆறியிருக்கும்போது முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் (bar என்னும் அழுத்த அலகு) வரை காட்ட வேண்டும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் எளிதில் கொதிக்கும். அழுத்தமானி 1 பார் காட்டும் நிலையில் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ். முள் பூச்சியத்துக்கு இறங்கினால் அது 100 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கையேட்டில் காட்டியுள்ளபடி நிரப்பு வால்வைத் திறந்து உரிய அளவுக்குத் தண்ணீர் சேர்த்துவிட்டு அதை இறுக மூடிவிட்டால், சில வீடுகளில் இரைச்சல் அத்தோடு அடங்கிவிடும்.

அடுத்தது காற்றை வெளியேற்றுவது. சூடேற்றுவதை நிறுத்தி, ரேடியேட்டர்கள் ஆறிய பிறகு, கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடியுமாறு ஒவ்வொன்றின் மேல்முனையிலும் உள்ள காற்றுத் திருகைச் சிறிய சாவியால் கால் சுற்று தளர்த்த வேண்டும். சீறிக்கொண்டு காற்று வந்து முடிந்து, தண்ணீர் எட்டிப் பார்த்தவுடன் மூடிவிடலாம். கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கக் கூடும். பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் காற்றாக இல்லாமல், இரும்பு துருப்பிடிக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். எல்லாம் முடிந்ததும் அழுத்தம் குறைந்திருக்கும் என்பதால் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். பாய்லருக்கு அடியில் உள்ள வால்வுகள் முழுமையாகத் திறந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கைப்பிடியோ திருகு வெட்டோ குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. முன்பு ஏதோ ஒரு வேலைக்காகப் பாதி மூடிய வால்வை யாரும் திரும்பத் திறக்காமல் விட்டிருப்பது அரிதல்ல. அறைக்கு அறை உள்ள தெர்மோஸ்டாட் வால்வுகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் மூடி வைத்திருந்தாலும் ஓட்டம் நெருக்கப்பட்டு இரைச்சல் எழும். எல்லாவற்றையும் திறந்துவிட்டு வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒரு சோதனை. பாய்லரின் சூட்டு அளவை 80 டிகிரியில் வைத்திருந்தால் 60 டிகிரிக்குக் குறைத்து ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் குறைந்தாலோ நின்றாலோ, உள்ளே ஓரிடத்தில் கொதிப்பு நடக்கிறது என்ற ஊகம் வலுப்படும். அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். சில காலம் அது ஓடவும் செய்யும். படிவு அங்கேயேதான் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெந்நீரைச் சேமிக்கும் தொட்டி உள்ள வீடுகளில் இன்னொரு கவனமும் தேவை. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகாமல் இருக்கத் தொட்டிநீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதால், இந்தக் குறைப்பு ரேடியேட்டர்களுக்கான சூட்டை மட்டுமே தொட வேண்டும்.

இவற்றைச் செய்த பிறகு சத்தம் போய்விட்டால் உங்கள் கணவர் சொன்னது பலித்தது. இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தால், மறுபடி காற்றை எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டாம். திரும்பத் திரும்பக் காற்று சேர்வதும் அழுத்தம் குறைவதும், எங்கோ கசிவு இருக்கிறது அல்லது உள்ளே துரு வளர்கிறது என்பதற்கான சான்றுகள். ஒவ்வொரு முறையும் நிரப்பும் புதுத் தண்ணீர் தன்னோடு ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் கொண்டுவந்து நோயை வளர்க்கிறது. நீங்கள் சொன்ன ஆளை அழைக்க வேண்டிய நேரம் அதுதான்.

கேள்வி: எங்கள் பாய்லரில் சுண்ணாம்புப் படிவு என்று தெரிந்துவிட்டது. கடையில் கிடைக்கும் படிவுநீக்கி அமிலத்தை வாங்கி நாமே ஊற்றிக் கழுவிவிடலாமா? கெட்டிலை வினிகர் ஊற்றித்தானே சுத்தம் செய்கிறோம்?

பதில்: கெட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியும், கழுவிக் கவிழ்க்கவும் முடியும். பாய்லரின் வெப்பப் பரிமாற்றி துருப்பிடிக்காத எஃகா, அலுமினியக் கலவையா, செம்பா என்பது மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருப்பிடிக்காத எஃகில் நுண்துளைகளை அரிக்கக் கூடியது. அலுமினியத்தை வலுவான அமிலமும் அரிக்கும், வலுவான காரமும் அரிக்கும். எந்த உலோகத்துக்கு எந்த வேதிப்பொருள், எத்தனை நேரம், பிறகு எதைக் கொண்டு நடுநிலைப்படுத்துவது என்பதெல்லாம் தெரிந்தவருக்கே அமிலம் ஏற்றது. ஒரு சிறு துளை விழுந்தாலே மாற்ற வேண்டியது பரிமாற்றி முழுவதையும்தான். அது பாய்லரின் மிக விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று.

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, படிவு எந்தச் சுற்றில் இருக்கிறது என்பது. ரேடியேட்டர்களுக்குள் ஓடும் தண்ணீர் ஒருமுறை நிரப்பப்பட்டு அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் தரக்கூடிய கடின நீரை 100 லிட்டர் நிரப்பியிருந்தாலும், அதிலிருந்து படியக் கூடியது மொத்தமாக 30 கிராம்தான். கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூட்டில் சிதைந்து கார்பனேட்டாகப் படிந்துவிட்டால் கதை அத்தோடு முடிய வேண்டும். ஆகவே அந்தச் சுற்றில் தடித்த படிவு சேர்ந்திருக்கிறது என்றால், யாரோ மாதக்கணக்கில் புதுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் படிவைக் கழுவினால், அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் உடனுக்குடன் வெந்நீர் தரும் பாய்லர்களில் நிலைமை தலைகீழ். அங்கே குழாய்நீர் தனியான ஒரு சிறு தகட்டுப் பரிமாற்றி வழியாக நாள்தோறும் புதிது புதிதாகப் பாய்கிறது. கடின நீர் உள்ள ஊரில் அது அடைபடுவது இயல்பே. வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது மட்டும் இரைச்சல் கேட்டு, அறைகள் சூடாகும்போது பாய்லர் அமைதியாக இருந்து, குழாயில் வரும் வெந்நீர் ஒருமுறை சூடாகவும் ஒருமுறை இளஞ்சூடாகவும் வருமானால், அந்தத் தகட்டுப் பரிமாற்றியின் மேல் சந்தேகம் கொள்ளலாம். தொழில்நுட்பர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், அல்லது தனிப் பாகமாக மாற்றிவிடலாம். அது மூடிக்கு உள்ளே இருப்பதால் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

உங்கள் கைக்கு எட்டிய வேதிப்பொருள் வேலை ஒன்று உண்டு. சேறு அகற்றும் மென்மையான, நடுநிலைத் தன்மை கொண்ட திரவங்களும், கழுவி முடித்த பிறகு சேர்க்க வேண்டிய துருத் தடுப்பானும் ரேடியேட்டர் வழியாகவே ஊற்றத்தக்க வகையில் விற்கப்படுகின்றன. கையேடு அனுமதிக்கும் பொருளா என்று பார்த்து அவற்றைச் சேர்க்கலாம். காற்றுத் திருகிலிருந்து வரும் தண்ணீர் மைபோல் கறுத்திருந்தால், அது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. பல ரேடியேட்டர்களின் அடிப்பகுதி குளிர்ந்தும் மேற்பகுதி சூடாகவும் இருக்கும் அளவுக்கு அது சேர்ந்துவிட்டால் ஊற்றிக் கழுவும் திரவம் போதாது. விசைப் பம்ப் வைத்து முழுச் சுற்றையும் அலசி, காந்த வடிகட்டி ஒன்றையும் பொருத்தித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: பாய்லர் பற்றிக்கொள்ளும்போது 'டம்' என்று ஒரு சத்தம் வருகிறது. பிறகு அமைதியாகிவிடுகிறது. வெந்நீர் நன்றாகவே வருவதால் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: விட்டுவிடக் கூடாது. இன்றே அணைத்துவிடுங்கள். பர்னரில் எரிவாயு உடனே பற்றாமல் சில நொடி சேர்ந்து, பிறகு ஒரே வீச்சில் பற்றுவதால் எழும் சத்தம் அது. பற்றவைக்கும் மின்முனை தேய்ந்திருக்கலாம், பர்னர் அடைத்திருக்கலாம், எரிவாயுவின் அளவு தவறியிருக்கலாம். காரணம் எதுவாயினும் மூடிக்கு உள்ளே இருப்பதால் நீங்கள் செய்ய எதுவுமில்லை. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, மூடியின் மேலோ சுவரிலோ கரி படிந்தாலோ, வீட்டில் இருக்கும்போது எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் வந்து வெளியே போனால் தெளிந்தாலோ இதே விதிதான்: பாய்லரை அணைத்து, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகு அழையுங்கள். எரிவாயு வாசனை வந்தால் மின்விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியேறி, எரிவாயு அவசர உதவி எண்ணை வெளியிலிருந்து அழைக்க வேண்டும்.

கேள்வி: பாய்லர் சூடானதும் அழுத்தமானியின் முள் 3-ஐ நெருங்குகிறது, வெளிச்சுவரில் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கூடவே ஒருவகைச் சீறலும் கேட்கிறது. ஆறியபின் முள் பூச்சியத்துக்குப் போய்விடுகிறது. விரிவுத் தொட்டியில் காற்று அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். நானே அடிக்கலாமா?

பதில்: உங்கள் நண்பரின் கணிப்பு சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும்போது தண்ணீர் ஏறத்தாழ 3 விழுக்காடு விரிகிறது. 100 லிட்டர் உள்ள சுற்றில் அது 3 லிட்டர். அந்த மிகைநீரை ஏற்றுக்கொள்ளவே, நடுவில் ரப்பர் சவ்வு வைத்து ஒருபுறம் காற்றும் மறுபுறம் தண்ணீருமாக ஒரு தொட்டி இருக்கிறது. காற்று இறங்கிவிட்டால் விரிந்த தண்ணீருக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறி, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். நீங்கள் கேட்கும் சீறல் அதுவே. அப்படிப் போன தண்ணீர்தான் ஆறிய பிறகு அழுத்தக் குறைவாகத் தெரிகிறது.

ஆனால் பம்பை எடுப்பதற்கு முன்னால் நிரப்பு வால்வு முழுமையாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அது சிறிது கசிந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பாய்லர் ஆறியிருக்கும்போதும் முள் மெல்ல ஏறினால் குற்றவாளி அதுதான், விரிவுத் தொட்டி அல்ல. வால்வு சரியாக இருந்தால், தொட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது விடை. பாய்லருக்கு வெளியே, குழாயில் தனியாகத் தொங்கும் தொட்டியென்றால், கொஞ்சம் பொறுமையும் கையேடும் உள்ளவர் இதைச் செய்யலாம். மின்சாரத்தை அணைத்து, பாய்லரை ஆறவைத்து, தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு வடித்துவிட்டு, சைக்கிள் டியூபில் இருப்பதைப் போன்ற அந்தக் காற்று வால்வில் கையேடு சொல்லும் அளவுக்கு அடிக்க வேண்டும். பெரும்பாலும் அது 0.75 முதல் 1 பார் வரை இருக்கும். தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும்போதே காற்றடிப்பவர்கள் உண்டு. முள் காட்டுவது காற்றின் அளவா தண்ணீரின் அளவா என்று தெரியாமல் போய்விடும் என்பதால் அது பயனற்ற வேலை. வால்வின் ஊசியை அழுத்தினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வருமானால் சவ்வு கிழிந்துவிட்டது. தொட்டியை மாற்றியாக வேண்டும். தொட்டி மூடிக்கு உள்ளே, பாய்லரின் முதுகுப்புறத்தில் இருந்தால் தொழில்நுட்பரை அழைத்துவிடுங்கள்.

பலமுறை திறந்து மூடிய பாதுகாப்பு வால்வு, இடையில் துகள் சிக்கி முழுமையாக அடையாமல் சொட்டிக்கொண்டே இருப்பதும் உண்டு. அதையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். சொட்டுகிறதே என்று அந்த வெளிக்குழாயின் வாயை அடைப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

கேள்வி: இரவில் பாய்லர் ஓடத் தொடங்கியதும், அணைந்ததும் தரைக்கு அடியில் 'டிக் டிக்' என்று கேட்கிறது. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது?

பதில்: எந்தப் பாகமும் கெடவில்லை. செம்புக் குழாய் சூட்டில் நீள்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள குழாய் 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் நீளும். மரச்சட்டத்தில் வெட்டிய பள்ளத்திலோ இறுக்கமான பிடிப்பிலோ அது உரசி உரசி நகரும் ஓசைதான் அது. தரைப்பலகையைப் பிரிக்க முடிந்த இடத்தில், குழாய்க்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய கம்பளித் துணியோ நுரைப் பட்டையோ செருகினால் குறையும். சூட்டளவைச் சற்றுக் குறைத்தாலும் குறையும். இதற்காக யாரையும் அழைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் பாய்லரின் சத்தத்தைக் கேட்ட தொழில்நுட்பர், பழுது பார்ப்பதில் பயனில்லை, புதிய பாய்லரே வாங்கிவிடுங்கள் என்கிறார். நம்புவதா?

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், எளிய வழியாகவும் இருக்கலாம். எந்தப் பாகத்தினால் சத்தம் வருகிறது, அதை எப்படி அளந்து தெரிந்துகொண்டீர்கள் என்று கேளுங்கள். கவனமாக வேலை செய்பவர், பாய்லரிலிருந்து வெளியேறும் நீருக்கும் திரும்பி வரும் நீருக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டை அளந்திருப்பார். கையேடு சொல்வதைவிட அது மிக அதிகமாக இருந்தால் ஓட்டம் தடைபட்டிருக்கிறது என்று விளங்கும். புகைப் பகுப்பாய்வின் அளவுகள், ஒரு குவளையில் பிடித்த சுற்றுநீரின் நிறம் ஆகியவற்றையும் அவர் காட்டலாம். காதால் கேட்டதை மட்டும் வைத்துப் புதியது வாங்கச் சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரின் கருத்தையும் கேட்பதில் தவறில்லை.

உறுமுவதோ அரைப்பதோ போன்ற சத்தம் பம்பின் தாங்கியிலிருந்து (பேரிங்) வரும். ஊளையிடுவது போன்ற சத்தம் விசிறியிலிருந்து வரும். பம்ப், விசிறி, தகட்டுப் பரிமாற்றி ஆகிய மூன்றும் தனித்தனியே மாற்றக் கூடியவை. இவற்றில் ஒன்றுக்காகப் பாய்லரையே மாற்றுவது, உதிரிபாகம் இனிக் கிடைக்காத நிலையில் மட்டுமே பொருந்தும். முதன்மை வெப்பப் பரிமாற்றியே அடைபட்டோ ஒழுகியோ போயிருந்து, உத்தரவாதமும் முடிந்திருந்தால், மாற்றிவிடும்படி சொல்வது நியாயமான அறிவுரை. உத்தரவாதம் இன்னும் இருக்கிறது என்றால், அதை அளித்த நிறுவனத்தின் ஆளைத் தவிர வேறெவரும் மூடியைத் திறக்கும் முன் உத்தரவாதப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

மாற்றுவது என்றே முடிவானால், பழைய குழாய்களையும் ரேடியேட்டர்களையும் அலசாமல் புதிய பாய்லரை மாட்ட அனுமதிக்காதீர்கள். பழைய சேறு புதிய பரிமாற்றியில் போய்ச் சேர்ந்து அதே இரைச்சலைத் தரும். சுற்றுநீரைச் சுத்தம் செய்து துருத் தடுப்பான் சேர்க்காத இணைப்புகளுக்கு உத்தரவாதம் செல்லாது என்று நிறுவனங்கள் சொல்வதும் வழக்கம். அலசியது, சேர்த்த வேதிப்பொருளின் பெயர், பகுப்பாய்வு அளவுகள் ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டு வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.